மஞ்சள் குஞ்சும் தொப்புள் புண்ணும்

எங்கள் ஊர் தொட்டியம் மதுரகாளியம்மன் கோயில் திருவிழாவில் அட்டைப்பெட்டிக்குள் பச்சை, ரோஸ், ஊதா என்று கலர் கலராகக் கோழிக்குஞ்சு விற்பார்கள். சின்ன வயதில் அழுது புரண்டாவது இரண்டு வாங்கிவிடுவேன். மூன்றாம் நாள் செத்துப்போகும். "சாயம் ஒத்துக்கலடா" என்பார் அப்பாயி.

சாயம் மட்டும் காரணமில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஓட்டை உடைத்து வெளியே வருமுன் குஞ்சு, மிச்சமுள்ள மஞ்சள்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது ஒரு கட்டுச்சோறு. இரண்டு மூன்று நாள் தாங்கும். ஹேச்சரிக்காரர்கள் தீனி தண்ணீர் இல்லாமல் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்ப முடிவது அதனால்தான். கட்டுச்சோறு தீர்ந்து, சூடும் இரையும் கிடைக்காத குஞ்சு மூன்றாம் நாள் போய்ச் சேர்கிறது.

சரி, கட்டுச்சோறே கெட்டுப்போய் வந்தால்?

என் சித்தப்பா ஊருக்கு வெளியே ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்க்கிறார். கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து தரும். இடம், நார், கரண்ட், உழைப்பு எல்லாம் நம்முடையது. கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. போன வருஷம் ஒரு பேட்சில் 4,000 குஞ்சு இறக்கினார்கள். நூற்றுக்கு ஒன்று முதல் வாரத்தில் போவது சகஜம். இந்தத் தடவை ஏழே நாளில் 230 போயிற்று. தினமும் காலையில் ஒரு பக்கெட். வயிறு உப்பி, தொப்புளில் கறுப்பாகப் பொருக்கு. கால்நடை மருத்துவர் ஒருவர் அறுத்துக் காட்டினார். உள்ளே மஞ்சள்கரு கரையாமல், பச்சையும் பழுப்புமாக, நாற்றத்தோடு இருந்தது.

லைன் சூப்பர்வைசர் வந்தார். "புரூடிங்ல சூடு பத்தலைங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா மேல் துளியும் தப்பிருக்காது என்று சாதிக்க மாட்டேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தாலும் மஞ்சள்கரு சரியாகக் கரையாதுதான். ஆனால் தொப்புள் வழியாகக் கிருமி நுழைவது பெரும்பாலும் எங்கள் ஷெட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நுண்ணுயிரியல் படிக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. குஞ்சு மூச்சு விடுவதற்கான வழி, கிருமிக்கும் வழி. தாய்க்கோழிப் பண்ணையில் தரையில் கிடந்து எச்சம் ஒட்டிய முட்டையை நல்ல முட்டையோடு சேர்த்து அடுக்கினால், 18 நாள் செட்டரில், 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஈ. கோலை பாக்டீரியா சுகமாகப் பெருகும். அழுகிய முட்டை ஒன்று உள்ளேயே வெடித்தால் பக்கத்து முட்டைகளுக்கெல்லாம் அபிஷேகம். கடைசி மூன்று நாள் ஹேச்சர். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் பொரிக்கும்போது பறக்கும் பஞ்சு, ஈரம், ஓட்டுத்தூள், நடுவே இன்னும் மூடாத தொப்புள்கள். சூடு கொஞ்சம் கூடிவிட்டாலும் தொப்புள் சரியாக மூடாது.

இதற்கு மருந்து ஒன்றும் பிரமாதமில்லை. அழுக்கு முட்டையை அடுக்காதே. ஒவ்வொரு பொரிப்புக்கும் பிறகு முதலில் சோப்புப் போட்டுக் கழுவு, அப்புறம் கிருமிநாசினி தெளி (அழுக்கின் மேல் தெளித்தால் பாதி வீரியம் அழுக்குக்கே போய்விடும்). குஞ்சு அறையில் வேலை செய்தவர் அதே செருப்போடு முட்டை அறைக்குப் போகாதே. அவ்வளவுதான். ஆனால் இதற்கு ஆளும் தண்ணீரும் நேரமும் வேண்டும். அதனால் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

முதல் குறுக்கு வழி பார்மலின். காலி அறைக்கும், அடுக்குமுன் முட்டைக்கும் பார்மலினோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்துப் புகை போடுவது பழைய முறை, அது வேறு. குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும் ஹேச்சருக்குள்ளேயே பார்மலின் ஆவியை விடுவதும் உண்டு. கிருமி குறையும், கூடவே குஞ்சின் பஞ்சு பளிச்சென்று மஞ்சளாகும்! நம் ஆட்களும் "ஆஹா, என்ன கலர்" என்று வாங்குவார்கள். அந்த ஆவி குஞ்சின் மூச்சுக்குழாயை அரிக்கும். அங்கே வேலை செய்கிறவர் மூச்சிலும் போகும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே வகைப்படுத்திவிட்டது. திருவிழாக் குஞ்சின் சாயத்தைத் திட்டும் நாம், இந்தச் சாயத்தை மட்டும் ஆரோக்கியம் என்று நினைக்கிறோம்.

இரண்டாவது குறுக்கு வழி ஊசி. முதல் நாள் ஹேச்சரியிலேயே மேரக் நோய்க்குக் கழுத்தில் தடுப்பூசி போடுவார்கள். அது அவசியம். அதோடு ஆன்டிபயாடிக் கலந்து போட்டு, தொப்புள் சாவைக் குறைப்பது பல நாடுகளில் இருந்துவந்த வழக்கம். கனடாவின் கியூபெக்கில் இதன் விளைவைக் கணக்கெடுத்தார்கள். அங்கே ஹேச்சரிகள் செஃப்டியோஃபர் என்ற மருந்தை முட்டைக்குள்ளேயே செலுத்தின. அதே வகை மருந்துதான் மனிதருக்கும் தரப்படுகிறது. கடைக் கோழி இறைச்சியில் கிடைத்த ஒரு வகை சால்மோனெல்லாவில் 2004ல் 62 சதவீதம் அதற்கு அடங்கவில்லை. நோயாளிகளிடம் எடுத்ததில் 36 சதவீதம். 2005ல் ஹேச்சரிகள் தாமாகவே நிறுத்தின. 2006ல் இந்த எண்கள் 7, 8 ஆகச் சரிந்தன. 2007ல் ஓரளவு திரும்ப ஆரம்பித்ததும் மறுபடி ஏறத் தொடங்கியது. ஹேச்சரித் தரையைக் கழுவாததற்கு ஆஸ்பத்திரி கட்டிலில் ஒருவர் விலை கொடுக்கிறார் என்றால் மிகையாகத்தான் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. நம் நாட்டில் 2019ல் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது நல்ல வேலை. ஆனால் மருந்தைத் தடுத்துவிட்டு அழுக்கை விட்டால் செத்த குஞ்சு பண்ணைக்காரன் கணக்கில்தான் ஏறும்.

என் கோபமெல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான். செத்த 230 குஞ்சின் விலை உற்பத்திச் செலவில் ஏறியது. செலவு ஏறினால் வளர்ப்புக் கூலி இறங்கும். ஹேச்சரிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டமில்லாதவன் எதற்குக் கூடுதலாகக் கழுவுவான்?

ஹேச்சர் சுத்தத்தைப் பார்க்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். எங்கள் கல்லூரி லேபில் முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற அகார் தட்டு போதும். சில நிமிடம் திறந்து வைத்து, மூடி, மறுநாள் புள்ளிகளை எண்ணினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பேட்சோடும் அந்த எண்ணிக்கையையும், ஊசியில் என்ன கலந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தரட்டும். குஞ்சு இறக்கும்போதே இரு தரப்பும் சேர்ந்து நூறு குஞ்சின் தொப்புளைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். தொப்புள் நோயால் முதல் வாரத்தில் செத்தது ஹேச்சரி கணக்கில் போகட்டும். "புரூடிங்ல கோட்டை விட்டுட்டு எங்க மேல போடுவாங்க" என்பார்கள். கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். சந்தேகமென்றால் அறுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமலில்லை.

சித்தப்பாவின் அடுத்த பேட்ச் வரப்போகிறது. "கேட்டா அப்புறம் குஞ்சே இறக்க மாட்டான்டா" என்று சித்தி தடுக்கிறார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. போன வாரம் முசிறி போனவர் நூறு பக்க நோட்டு ஒன்றும் சின்ன டார்ச் லைட்டும் வாங்கி வந்திருக்கிறார்.