மரத்துப் போகும் கைகளும் மாறுபடும் நாவும்

கொழுந்து பறித்துத் திரும்பும் தாய், கை மரத்துப் போகிறது என்கிறாள். மழையில் நின்ற குளிர்ச்சி என்று வீட்டார் விடை கூறிவிடுகின்றனர். முதியவர் கால் விறைக்கிறது என்றால் வாயு என்கிறோம். பிள்ளை நாக்கு எரிகிறது என்றால் உடற்சூடு என்கிறோம். றொசல்லயிலிருந்து நுவரெலியா வரை வாழும் நமக்குக் குளிரும் மழையும் கூடப் பிறந்தவை. ஆதலால் எல்லாப் பழியையும் அவற்றின் மேற் சுமத்துவது எளிது. ஆனால், மரத்துப் போதல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்கள் அனுப்பும் அறிவிப்பு. எந்த நோய் அனுப்பியது என்பதை அறிவதிலேயே குணம் தங்கியிருக்கிறது.

குளிரினால் விறைத்த விரல்கள் அடுப்பங்கரையில் சற்று நேரம் இருந்தால் தெளிந்துவிடும். காலை மடக்கி உட்கார்ந்ததால் வந்த மரப்பும் எழுந்து நடந்தால் நீங்கும். இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்து, உறக்கத்தைக் கலைத்தால், மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டிருக்கலாம். ஓயாது விரல்களால் வேலை செய்வோரிடத்தும் கர்ப்பிணிகளிடத்தும் இது காணப்படும்.

இனி நாவைப் பார்ப்போம். நல்ல நாக்கு சற்றுச் சொரசொரப்பாயிருக்கும். அது வழுவழுப்பாகி, வெளிறியோ சிவந்தோ எரிவெடுத்தால், இரும்புச் சத்து, போலிக் அமிலம், விற்றமின் பீ 12 ஆகியவற்றுள் ஒன்று குறைந்திருக்கலாம். பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், மதுவத்திலிருந்து செய்யப்படும் மார்மைற் அதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த மருந்துப் பொருளே பிற்காலத்தில் போலிக் அமிலம் எனப்பட்டது. கீரையிலும் பயற்றிலும் அது நமக்குக் கிடைக்கிறது.

நாவெரிச்சலோடு பாதங்களும் மரத்து, நடை தள்ளாடினால் பீ 12 குறைவை நினைக்க வேண்டும். இது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. மரக்கறி மட்டும் உண்போரும், முதியோரும், நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் விழுங்குவோரும் கவனமாயிருத்தல் நலம். இக்குறைக்குப் போலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் சோகை மறையும். நரம்புக் கேடோ மறைவாக வளரும். எனவே, சத்து மாத்திரையையும் கேட்டே உண்ண வேண்டும். நாம் விளைவிக்கும் தேயிலையைப் பற்றியும் ஒரு சொல்: சோற்றுடன் பருகும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பருகலாம்.

இரு பாதங்களிலும் தொடங்கி மேலேறும் மரப்புக்கு நீரிழிவு ஒரு பெருங்காரணம். மதுப் பழக்கம் மற்றொன்று. குடிப்பவர் உடலில் விற்றமின் பீ 1 தேய்ந்து நரம்புகள் நலிகின்றன. தோலில் வெளிறிய ஒரு படை தோன்றி, அவ்விடத்தில் மட்டும் தொடுகை தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கக்கூடும். வெட்கி மறைக்க வேண்டாம். மாத்திரைகளாலேயே அது குணமாகும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றுண்டு. திடீரென உடலின் ஒரு பக்கம் மரத்து, நாக் குழறி, வாய் கோணினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை இருத்தல் ஆகாது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். வலுக்குறைவு எப்போது தொடங்கியது என்பதை வைத்தியர் முதலிற் கேட்பார். நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

வைத்தியரின் கேள்வி எத்துணை பயனுடையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ் இளம் பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் ஒருவர்பின் ஒருவராகக் கைகால் வலுவிழந்தனர். இந்நோயை ஆராய்ந்த நிமல் சேனாநாயக்க, ஜெயரத்தினம் என்னும் மருத்துவ அறிஞர்களின் அறிக்கை 1981இல் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுவது நம்மவர் வழக்கமன்றோ? அந்த நல்லெண்ணெயிலேதான் டிரைகிரெசைல் பொஸ்பேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கலன்களில் ஏற்றி வந்ததால் அது கலந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது.

இந்நஞ்சு உண்டவுடன் தன்னைக் காட்டாது. ஒன்றிரண்டு வாரங்கள் சென்றபின்னரே கெண்டைக்கால் வலித்து, பாதம் தொங்கும். அதற்குள் உண்ட உணவு மறந்துபோகும். 1959இல் மொறொக்கோ நாட்டில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயை உண்ட ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இவ்வாறே முடங்கினர்.

நல்லெண்ணெய் குற்றமற்றது, மகளுக்கு அன்போடு ஊட்டிய தாயும் குற்றமற்றவள். குற்றம் கலனில் இருந்தது. ஆகவே, எண்ணெயை நம்பிக்கையான இடத்திலே, முத்திரையிட்ட போத்தலில் வாங்குக. பூச்சிமருந்தோ இயந்திர எண்ணெயோ இருந்த தகரத்தை எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்குள் கொண்டு வரற்க.

மரப்பு நீங்காதிருந்தால் டிக்கோயா வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள வேறெதற்கோ செல்லும்போது நான்கு விடைகளைக் கொண்டு செல்லுங்கள். எப்போது தொடங்கியது? உடலின் எப்பகுதியில்? கடந்த மாதம் உண்ட உணவும் மருந்தும் யாவை? வீட்டிலோ லயத்திலோ வேறு எவருக்கேனும் அப்படி உண்டா? எழுதத் தெரிந்த பிள்ளைகள் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பாட்டியின் கையிற் கொடுத்தனுப்பலாம்.