சங்குப்பூ சர்பத்தும் சங்கத்துப் பந்தியும்

சென்ற சித்திரையில் நம் சங்கத்துப் புத்தாண்டு விழாவில் குழந்தைகளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு சர்பத் கொடுத்தார்கள். என் பேத்தி இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதைத் தன் வெள்ளைக் கவுன்மேல் கொட்டிக்கொண்டாள். மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை. "துணியிலேயே இப்படி ஒட்டிக்கொள்கிறதே, வயிற்றில் என்ன செய்யும்?" என்று என் மனைவி கேட்டாள்.

கறை போகாததால் மட்டும் அதை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். பீட்ரூட் சாறும்தான் கறையாகும். என் குறை வேறு. பந்தி ஏற்பாடு செய்தவரிடம் என்ன நிறம் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "கலர்தான் தாதா, எல்லாரும் போடறதுதான்" என்றார். டப்பாவில் பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. ரயில்வேயில் நான் வேலை பார்த்த நாளில், பெயர் எழுதாத டிரம்மிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைக்கூட பேரிங்கில் விட அனுமதித்ததில்லை. இரும்புக்குக் காட்டிய அந்த எச்சரிக்கையைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறிவிட்டோமே என்று அன்று வெட்கப்பட்டேன்.

நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டுதான். அவற்றுக்கும் அளவு உண்டு. பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஆனால் கடைத்தெருவில் நடப்பது வேறு. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அனுமதிக்கப்பட்ட நிறங்களுக்கும் நிரந்தர நற்சாட்சி கிடையாது. நம் பட்டியலில் உள்ள எரித்ரோசினுக்கு உணவில் கொடுத்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, குழந்தைக்கு நிறம் வேண்டும். அந்த ஆசை தப்பில்லை. அதற்கு விடை நம் மொட்டை மாடியிலேயே படர்ந்து கிடக்கிறது. வங்காளிகள் அபராஜிதா என்கிறார்கள். காளிக்கும் துர்க்கைக்கும் சாத்துகிறார்கள். நாம் சங்குப்பூ என்கிறோம், சில ஊர்களில் காக்கணம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் வரும் கருவிளை இதுதான் என்பர். செருவிளை இதன் வெள்ளை வகை. கல்கத்தாவில் நாம் குடியேறியவர்களாக இருக்கலாம், பூ இரண்டு வீட்டுக்கும் பொது.

செய்முறை சுலபம். புதிதாகப் பறித்த ஆறு நீலப் பூக்களைக் கழுவி, பச்சைக் காம்பையும் புல்லிவட்டத்தையும் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் இதழ் வெளுத்து, நீர் மை போல் நீலமாகும். வடிகட்டிச் சர்க்கரை சேர்த்து ஆறவிடுங்கள். குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். முதல் சில சொட்டில் கத்தரிப்பூ நிறம். மேலும் பிழிந்தால் செந்நிறம் ஏறும். இந்த ஊர் கந்தராஜ் எலுமிச்சை என்றால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். தேன் சேர்ப்பவர்கள் கடைசியில் சேர்க்கவும். தேனிலும் சிறிது புளிப்பு உண்டு, வேடிக்கை முன்னமே கெட்டுவிடும். வெள்ளைச் சங்குப்பூவில் இந்த வித்தை பலிக்காது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பூவின் நீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் வகைப் பொருள். புளிப்பு சேர்ந்தால் அதன் அமைப்பு மாறுகிறது. அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது. நம் கண்ணுக்கு நிறம் மாறுகிறது. ஒரு கரண்டி நீல நீரில் சமையல் சோடாவைத் தூவினால் பச்சையாகும். இதைக் காட்டுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். 1664-இல் ராபர்ட் பாயில் வயலட் பூச்சாற்றை வைத்து அமிலம், காரம் என்று பிரித்துக் காட்டியதும் இதே வழியில்தான். பள்ளியில் லிட்மஸ் தாளை மனப்பாடம் செய்யும் பிள்ளை, இங்கே அதைக் கையில் பிடித்துக் குடித்தே பார்த்துவிடும்.

செயற்குழு நண்பர் ஒருவர், "பூஜைப் பூவைக் குடிக்கக் கொடுப்பதா? ஏதாவது ஆனால்?" என்றார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்தப் பூவின் சாற்றைப் பானங்களிலும் மிட்டாயிலும் நிறத்துக்குச் சேர்க்க 2021-இல் அனுமதி கொடுத்தார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ, உலர்ந்த பூவைப் பற்றி 2022-இல் ஆட்சேபம் எழுப்பியது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் காலம் காலமாக உணவில் சேர்க்கிறார்கள். இத்தனையையும் வைத்து நான் சொல்வது இதுதான்: எப்போதாவது ஒரு டம்ளர் போதும், தினசரிக் குடிநீராக்க வேண்டாம். விதையும் வேரும் பேதிக்குக் கொடுப்பவை, அவற்றைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். பூக்கடையில் வாங்கிய பூ வேண்டாம். சாமிக்கு விற்பதற்கு என்ன மருந்து தெளித்தார்களோ! இதைக் குடித்தால் ஞாபகசக்தி வரும், சர்க்கரை இறங்கும் என்று கிளப்புகிறவர்களையும் நம்ப வேண்டாம். பூவுக்கென்று பெரிய ருசிகூடக் கிடையாது. ருசி எலுமிச்சையுடையது, அழகு பூவினுடையது.

"செலவு, வேலை அதிகம்" என்பது இன்னொரு ஆட்சேபணை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 குழந்தைகள், ஆளுக்கு 150 மில்லி என்றால் 30 லிட்டர். லிட்டருக்கு 25 பூ போதும் என்று வைத்தால் 750 பூ. இருபது வீடுகள் ஆளுக்கு நாற்பது பூ கொடுத்தால் முடிந்தது. பூத்த அன்றே பறித்து நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் நிறம் கெடாது. விதை வேண்டுவோர் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கொடியில் காய்க்கும் விதை தெருவுக்கே போதும்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை: அடுத்த சித்திரை விழாவில் பெயர் தெரியாத கலர் எதுவும் பந்திக்கு வரக்கூடாது என்று செயற்குழு தீர்மானம் போடட்டும். சங்குப்பூவில் தயக்கம் உள்ளவர்களுக்கு வெறும் எலுமிச்சைச் சர்பத்தும் நீர்மோரும் இருக்கட்டும். அவற்றுக்கு ஈடு ஏது? எதைக் கொடுத்தாலும், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதிப் பாத்திரத்தின் மேல் மாட்டிவைப்போம். பிள்ளைகளுக்குத் தமிழ் படித்த மாதிரியும் இருக்கும்.

பேத்தியின் கவுனை என் மனைவி இன்னும் தூக்கிப் போடவில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.