பெரிய வண்டி என்றால் உயிருக்குப் பயமில்லையா?

"சின்ன காரா? லாரிக்காரன் தட்டினால் அப்பளம்தான். வாங்கினால் பெரிய வண்டியா வாங்கு!"

கார் வாங்கப் போகிறவருக்கு டீக்கடையில் கிடைக்கும் முதல் யோசனை இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

எடை செய்யும் வேலை

2 டன் வண்டியும் 1 டன் காரும் தலா 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கொண்டு நகர்வதாக வைத்துக்கொள்வோம். பெரிய வண்டியின் வேகம் 20 கி.மீ. ஆகக் குறையும். சின்ன காரோ வந்த வழியே 20 கி.மீ. வேகத்தில் தள்ளப்படும். பெரிய வண்டிக்கு விழுந்த அடி 40. சின்ன காருக்கு 80!

ஆனால் எதிரே வருவதெல்லாம் சின்ன காரா? புளியமரமும் பாலத்துச் சுவரும் எடைக்குப் பயப்படாது. அங்கே காப்பாற்றுவது வண்டியின் கூடு, பெல்ட், ஏர்பேக்.

பெரிய வண்டிக்கு முட்டை

'குளோபல் என்கேப்' அமைப்பு 2016-ல் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. கிடைத்தது பூஜ்ய ஸ்டார். 2022-ல் புதிய ஸ்கார்பியோ-என் 5 ஸ்டார் வாங்கியது. சின்ன வண்டிகளும் சளைக்கவில்லை. டாடா பஞ்ச் 2021-லும், மாருதி டிசையர் 2024-லும் 5 ஸ்டார் வாங்கின.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை, ஏறக்குறைய அதே எடையுள்ள வண்டியோடு மோதுவது போன்றது. 5 ஸ்டார் சின்ன கார் லாரியை ஜெயிக்கும் என்று அர்த்தமில்லை.

பின் சீட்டில் பெல்ட்

2022 செப்டம்பர் 4. மும்பை அருகே பால்கரில், டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற பென்ஸ் கார் பாலத்துச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த பெரிய வண்டிதான். முன் சீட்டில் இருந்த இருவர் படுகாயத்துடன் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் செத்துப்போனார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ்.

நடந்து போகிறவர் கதி?

2022-ல் நாட்டில் சாலை விபத்துக்குப் பலியானவர்கள் 1,68,491 பேர். இதில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டிக்காரர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். கார், டாக்சியில் போனவர்கள் 12 பேர்தான்.

முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள காரைவிட, நடப்பவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். இது 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வின் முடிவு.

உள்ளே இருப்பவருக்குக் கவசம். வெளியே இருப்பவருக்கு எமன்!

வண்டி வாங்குகிறவர் உயரத்தை அளக்கும் முன் ஸ்டாரைக் கேட்கட்டும். வாங்கிய பிறகு பின் சீட்டிலும் பெல்ட் போடட்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.