வடாம் மேல் விழுந்த தூசி

போன சித்திரையில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கூரை போட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடையவளஞ்சான் தெருப் பக்கம் மாடிக்கு மாடி இடைவெளி கிடையாது. நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்தான். இந்தப் பக்கம் பழைய வேட்டியில் நான் பிழிந்த வடாம். அந்தப் பக்கம் இருபது வயதுப் பையன் ஒருவன் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை கிரைண்டர் மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தான். மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. புருவமெல்லாம் வெள்ளை. காற்று திரும்பியது, வடாம் மேல் மாவு சலித்த மாதிரி தூசி.

“தண்ணி தெளிச்சு கைவாளால அறுப்பா” என்றேன்.

“சிமெண்டுதான் பாட்டி, ஒண்ணும் பண்ணாது.”

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர். பன்சன் அடுப்பு மேல் வைக்கும் கம்பிவலையின் நடுவில் வெள்ளை வட்டம் இருக்குமே, அந்தக் காலத்தில் அதுவும் இதே ஆஸ்பெஸ்டாஸ்தான், தமிழில் கல்நார். உதிர்ந்த பொடியை வாயால் ஊதித் தள்ளியிருக்கிறேன். பிள்ளைகளும் என்னைப் பார்த்து ஊதினார்கள்.

இத்தனைக்கும் கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்ற சங்கதி பழசு. இங்கிலாந்தின் ரோச்டேலில் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924இல், 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக் அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் அங்கே ஆலைத் தூசிக்குச் சட்டம் வந்தது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவர், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்று, சுரங்கத்துக்குள் கால் வைக்காமல் அந்த வட்டாரத்தில் வெறுமனே வாழ்ந்தவர்களுக்கும் வந்திருப்பதைக் காட்டினார். பக்கத்து மாடிக்காரி எனக்கு உறைப்பது இந்த இடம்தான்.

ஆனாலும் நம் ஊரில் இந்த ஷீட்டைத் திட்ட வாய் வருவதில்லை. 2004 ஜனவரியில் இதே ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதற்கப்புறம் கீற்றைப் பார்த்தாலே வயிறு கலங்கும். எங்கள் தெருவில் மாடிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக ஷீட்டுக்கு மாறின. தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது, கைக்கு அடக்கமான விலை. வேறென்ன செய்திருப்பார்கள்?

“முப்பது வருஷமா ஷீட்டுக்குக் கீழதான் தூங்குறோம், என்ன ஆச்சு?” என்பார்கள். முழுசாக இருக்கும் ஷீட்டில் கல்நார் இழை சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும், அது வாஸ்தவம். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் கிளம்பும். கிளம்பியது நெஞ்சுக்குள் போனால் வியாதி தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். வெள்ளைக் கல்நார் சாது என்று ஒரு வியாபாரப் பேச்சு உண்டு. உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றே சொல்கிறது. நம் நாட்டில் வெட்டியெடுக்கப் புதுக் குத்தகை தருவதை நிறுத்தினார்கள். ரஷ்யாவிலிருந்து கப்பலில் வரவழைப்பதை நிறுத்தவில்லை.

1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் வைத்திருக்கச் சொன்னது, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் இழப்பீடு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கிரைண்டர் பிடித்த அந்தப் பையன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? இன்று இந்த மாடி, நாளை உறையூர், நாளன்றைக்கு லால்குடி. அவனுக்கு அறுபது வயதில் மூச்சு முட்டினால், மருத்துவர் பீடி குடிப்பியா என்று கேட்பார். ஷீட் அறுத்தியா என்று கேட்பாரா?

கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட் வந்துவிட்டது. தகர ஷீட் இருக்கிறது. அரசு ஒரு தேதி குறித்து இதை நிறுத்தட்டும். அதுவரைக்கும் விற்கிற கடையிலேயே நனைத்து அளவுக்கு அறுத்துக் கொடுக்க வேண்டும், பழைய ஷீட்டைத் தனியாக வாங்கிக்கொள்ள ஊருக்கு ஓரிடம் வேண்டும். கொள்ளிடக் கரையில் உடைந்த ஷீட்டுகள் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதை நடைப்பயிற்சியில் பார்க்கிறேன்.

அன்றைக்கு வடாம் முழுவதையும் வேட்டியோடு சுருட்டி மூட்டை கட்டினேன். பையனுக்கு மோர் கொடுத்தபோது முகம் கழுவிவிட்டுக் குடிக்கச் சொன்னேன். சட்டையை உதறிவிட்டுக் குடித்தான்.