மாதக் கடைசியில் எதைக் குறைப்பது?

தேதி 25-ஐத் தாண்டியதும் செலவு கையைக் கடிக்கிறதா, சகோதரி? உடனே பருப்பிலும் பாலிலும் கை வைத்துவிடாதீர்கள். அங்கே மிச்சம் பிடிப்பது மருந்துக் கடைக்குத்தான் போய்ச் சேரும்.

குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. பருப்பை அரை மணி ஊற வைத்து, மூடி போட்டு வேக விடுங்கள், காஸ் மிச்சமாகும். அரிசியை இரண்டு முறை களைந்தால் போதும். மேலும் மேலும் களைந்தால் வைட்டமின் 'பி' தண்ணீரோடு போய்விடும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல், உப்பும் மோரும் விட்டுக் குடிக்கலாம்.

ஆப்பிள் வாங்கினால்தான் குழந்தைகளுக்குச் சத்து என்பதில்லை. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் வைட்டமின் 'ஸி' அதைவிடப் பல மடங்கு அதிகம். முருங்கைக் கீரையில் வைட்டமின் 'ஏ'யும் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம்.

இன்னொன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தெளிந்த ரஸமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழுந்துவிடும் வழக்கம் உங்களுக்கு உண்டா? அது சிக்கனமல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள நம் நாட்டுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை!

நாளை சமையல் முடிந்ததும், கீரையிலும் பருப்பிலும் உங்கள் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, பிறகு இலை போடுங்கள்.