தானே வாசிக்கும் கருவி

கிறிஸ்தவ தேவாலயத்து ஓர்கனைப் பற்றி எழுதுவதற்குக் கல்முனைக்குடிக்காரனுக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. பாங்கொலி கேட்டு எழுந்து, பாங்கொலி கேட்டு உறங்கப்போகும் ஊர் எம்முடையது. இங்கே இசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தின்போது பக்கீர் ஜமாஅத்தார் கொட்டும் றபான்தான். ஆயினும் தேவாலய மணியோசை எமக்கு அந்நியமானதன்று. மெதடிஸ்த மிஷனார் 1814 இல் இலங்கைக்கு வந்த ஆண்டிலேயே மட்டக்களப்பிற் பணி தொடங்கிவிட்டார்கள். அவர்களும் கத்தோலிக்கத் துறவியரும் இக்கரையில் அமைத்த கல்விச்சாலைகளிலே எம்மவர் பலரும் படித்தனர். பள்ளிக்கூடத்து ஹார்மோனியத்தின் துருத்தியை மிதித்துப் பார்த்து அடிவாங்கிய பிள்ளைகள் எல்லாச் சமயத்திலும் உண்டு.

உரிமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொன்னால் தேவாலயத்தார் வியப்படையக்கூடும். இன்று ஓர்கனோடு இணைத்து வைக்கப்படும் சீக்குவென்சர் என்னும் நினைவுப்பெட்டியின் மூதாதை பிறந்த இடம் பக்தாத் நகரம். ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்போர், ‘தானே வாசிக்கும் கருவி’ ஒன்றனைப் பற்றி எழுதிவைத்தார்கள். நீரின் விசையாற் சுழலும் உருளை. அதன்மேல் வரிசையாகப் பதித்த முளைகள். முளை வந்து தட்டும்போதெல்லாம் ஒரு நெம்புகோல் எழுந்து குழலின் துளையைத் திறக்கும். முளைகளை மாற்றிப் பதித்தால் வேறு பாட்டு. அறிஞர் ஹென்றி ஜோர்ஜ் ஃபார்மர் 1931 இல் வெளியிட்ட ஓர்கன் வரலாற்று நூலில் இதனை விரித்துரைத்திருக்கிறார். ஓர்கனோ அதற்கும் முற்பட்டது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெஸீபியஸ் நீரழுத்தத்தால் இயங்கும் குழலிசைக் கருவியைச் செய்தார். கிறிஸ்து பிறவாத காலத்தில் எகிப்திற் பிறந்த கருவிதான் பிற்காலத்தில் தேவாலயத்தின் குரலாயிற்று. யாருடைய பொருள் யாருக்கு உரியது என்ற வழக்கு இசையிலே செல்லாது.

இனி விஷயத்துக்கு வருவோம். குழாய் ஓர்கன் பெருஞ்செலவுக்குரியது. சென்னை எழும்பூர்ப் புனித அந்திரேயா ஆலயத்தில், ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்துப் பீட்டர் கொனாச்சர் கம்பனியார் 1883 இற் செய்த ஓர்கன் இருக்கிறது. அத்தகையதொன்றைத் தாங்கும் சபைகள் நம் நாடுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மரத்துக்குக் கறையான், தோலுக்கு எலி, எல்லாவற்றுக்கும் கடற்காற்று என்று பகை ஏராளம். ஆகவே 1971 இல் அமெரிக்காவின் அலன் கம்பனி எண்முறை ஓர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது ஏழைச் சபைகளுக்கும் ஒரு வழியைக் காட்டியது. குழாயின் ஓசை எண்களாக நினைவில் இருக்கும். கட்டையை அழுத்தினால் ஒலிபெருக்கியிலே கேட்கும்.

அடுத்துவந்தது 1983. ஜப்பானின் ரோலண்ட் கம்பனியை நிறுவிய இகுதாரோ காக்கேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று வகுத்த மிடி என்னும் பொதுமொழி அவ்வாண்டு வெளியாயிற்று. ஒரு கம்பனியின் கருவி மற்றொரு கம்பனியின் கருவியோடு பேசுவதற்கான மொழி அது. இதிலே பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் செய்தி ஒன்றுண்டு. மிடி என்பது ஒலியன்று. இன்ன கட்டை இன்ன நொடியில் அழுத்தப்பட்டது, இன்ன நொடியில் விடப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது. கட்டைகளுக்கு 128 எண்கள். செய்தி செல்லப் 16 தடங்கள். ஓர்கனில் மேல் விசைப்பலகைக்கு ஒரு தடம், கீழ் விசைப்பலகைக்கு ஒன்று, கால்விசைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்கிறார்கள். சீக்குவென்சர் இக்குறிப்புகளை வரிசையாக நினைவில் வைத்து, கேட்டபோது ஓர்கனுக்கு ஓதுகிறது. ஓர்கன் தன் சொந்தக் குரலிலே அதனை வாசிக்கிறது. ஆசனத்தில் ஆள் இல்லை. ஆலயத்திலே இசை நிறைகிறது.

இதனைக் கேட்டவுடன் நம் இரசிகர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றிருக்கிறது: “யந்திரத்துக்கு ஆத்மா ஏது?” இந்த வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. ஏனெனில் ஓர்கனைப் பொறுத்தவரை அது பலவீனமான வாதம். நாகசுரக்காரரின் கமகத்தை எண்களில் அடக்க முயன்றால் பாதி கைநழுவிப்போகும். வீணையின் நரம்பு எவ்வளவு இழுபட்டது, மிருதங்கத் தோலில் விரல் எந்த இடத்தில் விழுந்தது என்பவற்றை 128 எண்கள் சொல்லிமுடிக்க மாட்டா. ஓர்கன் அப்படிப்பட்டதன்று. அதன் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஓசை ஒன்றே. வாசிப்பவர் கையிலிருப்பது நேரம் மட்டும்: எப்போது அழுத்தினார், எப்போது விட்டார். அதனோடு எந்த ஸ்டொப்பை இழுத்தார், ஒலிகூட்டும் மிதியை எவ்வளவு திறந்தார். இவ்வளவையும் சீக்குவென்சர் ஏறக்குறைய அப்படியே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே தேர்ந்த ஒருவர் வாசித்ததை அது திரும்ப வாசிக்கும்போது நாம் கேட்பது அவருடைய வாசிப்பேயன்றி, அதன் நிழலன்று. ஜெர்மானிய இசைமேதை மக்ஸ் ரேகர் 1913 இல் வெல்டே கம்பனியின் துளைக்காகிதச் சுருளிற் பதிந்த ஓர்கன் வாசிப்பை இன்றும் உண்மையான குழாய்களில் கேட்க முடிகிறது. அவர் இறந்ததோ 1916 இல்.

பக்கத்து மருதமுனையிற் கைத்தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிராக இராது. இழைகளின் ஏற்ற இறக்கத்தை அட்டைத் துளைகளில் எழுதிவைக்கும் வித்தையை லியோன் நகரத்து ஜக்கார் 1804 இல் காட்டிவிட்டார். துளை சொல்ல நூல் நடந்தது. இங்கே துளை சொல்லக் காற்று நடந்தது.

அப்படியானால் மறுப்பு எங்கே? மறுப்பு செவியில் இருக்கிறது. சீக்குவென்சருக்கு நினைவுண்டு, செவியில்லை. சபையாரோடு சேர்ந்து ஓர்கன் வாசிப்பவர் வாசிக்கிறார் என்று நாம் சொன்னாலும், உண்மையில் அவர் முதலிற் கேட்கிறார். மழைநாளில் இருபது பேர் பாடும்போது மெல்லப் போகிறார். கிறிஸ்மஸ் இரவில் ஆலயம் நிறைந்திருக்கும்போது கூட்டத்தின் ஓசை பின்தங்கும் என்று அறிந்து, அடியின் முடிவில் ஒரு மூச்சு காத்திருக்கிறார். மணமகள் வாசலில் நின்று சேலையைச் சரிசெய்கிறாள் என்றால் ஒரு சுற்றை மீண்டும் வாசிக்கிறார். பிரேதப்பெட்டியைத் தூக்கி வருபவர்களின் நடை தளர்ந்தால் அவருடைய கையும் தளர்கிறது. பெட்டிக்கு இவை தெரியா. நான்காம் அடியைச் சபை பாடி முடிக்குமுன்னரே அது ஐந்தாம் அடியிற் போய் நிற்கும். பாடுவோர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடவேண்டும். தமிழ்க் கீர்த்தனைகளின் நிலை இன்னும் மோசம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த பாடல்களை நிரவலாய் இழுத்துப் பாடும் முதியவர்களை, நொடிக்கணக்குப் பெட்டி எப்படி மதிக்கும்?

இதிலே இன்னொரு கொடுமை உண்டு. கொஞ்சம் முன்பின்னாக விழுந்த விரலடிகளையெல்லாம் கட்டத்துக்குள் இழுத்து நேர்செய்யும் வசதியும் சீக்குவென்சரில் இருக்கிறது. பழகாதவர்கள் அதனைத் தட்டிவிட்டு, “பிழை நீங்கியது” என்று மகிழ்கிறார்கள். நீங்கியது பிழையன்று, வாசித்த மனிதர்.

எமது பக்கத்திலும் இதே வழக்கு வேறு உருவில் வந்ததுண்டு. பதிவுசெய்த பாங்கை ஒலிபரப்பினாற் போதுமா என்ற கேள்விக்கு, போதாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோர் தந்த விடை. ஒலியிற் குறையிருக்கிறது என்பதற்காக அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. புகழ்பெற்ற மக்காவின் குரலைக்கூடப் பதிந்து வைக்கலாம். ஆனால் பாங்கு ஓர் ஓசை மட்டுமன்று. அந்த நேரத்தில், அந்த இடத்தில், நிய்யத்தோடு ஒரு மனிதன் நிறைவேற்றும் செயல். தொண்டை கட்டிய எம்மூர் மோதினாரின் அழைப்பில் இருப்பது அந்தப் பதிவில் இல்லை. கோயில்களிலும் பாருங்கள். பூசை வேளையில் மின்விசையால் முழங்கும் மேளமும் மணியும் சேர்ந்த யந்திரம் பல இடங்களில் வந்துவிட்டது. தவிலும் நாகசுரமும் வாசித்த குடும்பத்துப் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். யந்திரம் வந்ததால் அவர்கள் போனார்களா, அவர்கள் போனதால் யந்திரம் வந்ததா என்பது வேறு விவாதம். இரண்டும் ஒன்றையொன்று விரைவுபடுத்தின என்பது என் துணிபு.

தேவாலயத்துக்கும் இது புதிதன்று. கைப்பிடியைச் சுற்றினால் பாமாலை வாசிக்கும் உருளை ஓர்கன்கள் இங்கிலாந்தின் கிராமக் கோயில்களில் ஒருகாலத்திற் பரவின. தோமஸ் ஹார்டி 1894 இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் வேடிக்கையான கதையொன்று வருகிறது. குளிர்தாளாமற் குடித்துவிட்டுத் தூங்கிப்போன கிராமத்து வாத்தியக்காரர்கள், திடுக்கிட்டு விழித்து, ஆராதனையின் நடுவே நடனப்பாட்டை வாசித்துவிடுகிறார்கள். பிரபு வெகுண்டு, அவர்களை விலக்கி, இருபத்திரண்டு சங்கீதங்களைத் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாத உருளை ஓர்கனை வாங்கி வைத்துவிடுகிறார். அந்தக் கதையைப் படிக்கும் எவரும் பிரபுவின் பக்கம் நிற்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் சீக்குவென்சரைக் கடலிலே எறியச் சொல்கிறேன் என்று கொள்ளவேண்டாம். யந்திரத்துக்கென்று பிறந்த இசையிலும் மேன்மை உண்டு. மோட்ஸார்ட் 1790 இல், கடிகார ஓர்கனுக்கு எழுதும் வேலை சலிப்பூட்டுகிறது என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில் அத்தகைய கருவிக்கே அவர் எழுதிமுடித்த எஃப் மைனர் படைப்பை இன்று உலகின் பெரிய ஓர்கன் கலைஞர்கள் கையாலும் காலாலும் வியர்க்க வியர்க்க வாசிக்கிறார்கள்! தமிழ்த் திரையிசையிலும் 1980 களின் நடுப்பகுதியில் சீக்குவென்சர் புகுந்தது. இளையராஜா அதனைக் கையாண்டதும், பின்பு 1992 இல் ‘ரோஜா’ மூலம் ரஹ்மான் அதனை வீடுதோறும் கேட்கச்செய்ததும் யாவரும் அறிந்தவை. அங்கே அது ஆளுக்குப் பதிலாக நிற்கவில்லை. இசையமைப்பவரின் எழுதுகோலாக நின்றது.

தேவாலயத்திலும் அதற்கு நேர்மையான வேலைகள் இருக்கின்றன. முதன்மையானது இது: ஓர்கன் வாசிப்பவர் தம் ஆசனத்திற் கேட்பதும் சபையார் கேட்பதும் ஒன்றல்ல. எந்த ஸ்டொப் மண்டபத்தின் நடுவிற் காதைத் துளைக்கிறது, எது கடைசி வாங்கு வரை எட்டாமல் மாய்கிறது என்பதை அவர் எழுந்துபோய்க் கேட்கமுடியாது. எழுந்தால் இசை நின்றுவிடும். சீக்குவென்சரில் பதிந்துவிட்டு அதனை வாசிக்கவிட்டால், அவரே நடந்துசென்று கடைசி வாங்கில் அமர்ந்து தம் வாசிப்பைத் தாமே கேட்கலாம். நூற்றாண்டுகளாக எந்த ஓர்கன் கலைஞனுக்கும் எளிதிற் கிட்டாத வாய்ப்பு இது. கற்கும் பிள்ளை கால்விசைப் பகுதியைப் பதிந்து வைத்துக்கொண்டு, மேலே இரு கைகளையும் தனியே பழகலாம். முதிய ஆசிரியர் ஒருவர் தம் விரல்கள் ஓயுமுன் சபையின் பாமாலைகளையும் கீர்த்தனைகளையும் பதிந்துவைத்தால், மாணவன் அவற்றைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எந்த விரல் எப்போது எழுந்தது என்று கற்கலாம்.

வாசிக்க ஒருவருமே இல்லாத சிற்றூர்ச் சபை என்ன செய்வது? மௌனத்தைவிடப் பெட்டி மேல் என்றே கூறுவேன். ஆனால் கடையில் வாங்கிய பதிவு வேண்டாம். அயலூரில் வாசிக்கத் தெரிந்தவரை ஒருநாள் அழைத்து, அச்சபையார் சிலரைப் பாடச்செய்து, அவர்களின் மூச்சுக்கு ஏற்பப் பதியச்செய்யுங்கள். அடிக்கு அடி தனித்தனியாகப் பதிந்தால், பொத்தானருகே நிற்கும் ஓர் இளைஞன் சபை மூச்செடுத்தபின் அடுத்த அடியைத் தொடக்கலாம். செவியற்ற பெட்டிக்கு அவனுடைய செவி உதவும். அவனையே ஓர்கன் பழகவும் அனுப்புங்கள். கருவி வாங்குவதற்கு வெளிநாட்டு அன்பர்களிடம் பணம் திரட்டும் பரிபாலன சபையார், வாசிப்பவருக்கு மாதச் சம்பளம் என்றதும் கணக்குப்புத்தகத்தை மூடிவிடுவது எந்தச் சமயத்துக்கும் பொதுவான வழக்கம். எங்கள் மோதினார்மாரின் சம்பளத்தை அறிந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்.

பதிந்துவைக்கும் சபைகளுக்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியும் உண்டு. கட்டைகளின் குறிப்பு எல்லாக் கம்பனிக்கும் பொதுவானது; ஸ்டொப்புகளை இழுத்த குறிப்பு அப்படியன்று. அதனை ஒவ்வொரு கம்பனியும் தன் தன் பாஷையில் எழுதுகிறது. நாளை வேறு ஓர்கன் வாங்கினால், மெல்லிய குழலில் வாசித்த தாலாட்டு எக்காளத்திலே முழங்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் எந்த ஸ்டொப், என்ன வேகம், எந்த இராகம், யார் வாசித்தது, எந்த ஆண்டு என்பவற்றைச் சாதாரணக் காகிதத்தில், சாதாரண மையினால் எழுதி, ஓர்கன் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்கவேண்டும்.