பாலசமுத்திரத்துக்கு பஸ் ஏற என்ன கூச்சம்?

பிலிப்பைன்ஸை நானும் நண்பனும் பத்து நாள் பஸ்ஸிலேயே சுத்தினோம்னு சொன்னா, "செம மச்சி, போட்டோ அனுப்பு"ங்கறாங்க. அதே ரெண்டு பேரும் பள்ளிப்பட்டுலேர்ந்து பாலசமுத்திரம் வழியா திருப்பதிக்கு பஸ் மாறி மாறிப் போனோம்னு சொன்னா, "ஏன், கார் கிடைக்கலையா?"ங்கறாங்க. கேக்கறது ஒரே ஆளுங்கதான். இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல ஒரு வியாதி ஒளிஞ்சிருக்கு. இன்னிக்குப் புலம்பல் அதைப் பத்தித்தான். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பாலசமுத்திரம் எங்கே இருக்குன்னு சொல்லிடறேன். சித்தூர் மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். இந்தப் பக்கம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1க்கு முன்னாடி பள்ளிப்பட்டும் திருத்தணியும் கூட சித்தூர் மாவட்டம்தான். ம.பொ.சி. நடத்தின வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் வகுத்த கோடு, இதெல்லாம் முடிஞ்சு திருத்தணி நமக்கு வந்துச்சு. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்னுடுச்சு. 2022 ஏப்ரல்ல சித்தூர் மாவட்டத்தை உடைச்சுத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினப்போ, பாலசமுத்திரம் சித்தூரோடயே தங்கிடுச்சு. என் நண்பனுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். இங்க சிங்கப்பூர்ல எனக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து ஆணி புடுங்கறான்.

பிலிப்பைன்ஸ்ல என்ன பண்ணினோம்? ஒண்ணும் பெரிசா இல்ல. மணிலா பக்கம் குபாவ்னு ஒரு இடம், நம்ம கோயம்பேடு மாதிரி, பஸ் கம்பெனிகளோட நிலையங்கள் வரிசையா இருக்கும். ராத்திரி அங்க ஏறினா காலையில பனாவே. ஏசியை எவ்வளவு குளிரா வைக்க முடியுமோ அவ்வளவு வைப்பாங்க. போர்வை இல்லாம போனா செத்தோம். பனாவே பக்கத்துல பத்தாட். மலையைச் செதுக்கிப் படிப்படியா நெல் வயல், 1995லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது. அங்கேர்ந்து போந்தோக் போய், பாகியோவுக்கு ஹால்செமா நெடுஞ்சாலை. 2,255 மீட்டர் உயரத்துல மேகத்துக்குள்ள பஸ் போகுது. பக்கத்து சீட்டு அம்மா மடியில முட்டைக்கோஸ் மூட்டை. அப்புறம் தெற்கே இறங்கி பத்தாங்காஸ் துறைமுகம். அங்க பஸ்ஸே கப்பல்ல ஏறிடும்! தீவுக்குத் தீவு பஸ்ஸைக் கப்பல்ல ஏத்தி இறக்கி ஒரே சாலையா ஆக்கற திட்டம், 2003ல தொடங்கினது. மிண்டோரோ தீவைக் கடந்து, திரும்பக் கப்பல் ஏறி, பனாய் தீவுல இறங்கினோம்.

ஜீப்னியை விட்டுட்டா பாவம். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு அமெரிக்கப் பட்டாளம் விட்டுட்டுப் போன ஜீப்பை நீட்டி, வண்ணம் அடிச்சு, ஊர் சுத்த விட்டாங்க. கண்டக்டர் கிடையாது. கடைசியில உக்காந்தவன் "பயாத் போ"ன்னு காசை நீட்டினா, கைமாறிக் கைமாறி டிரைவர்கிட்ட போகும். மிச்சச் சில்லறை அதே கைகள் வழியா திரும்பி வரும். இறங்கணும்னா "பாரா போ". இந்த ரெண்டு வார்த்தையை வெச்சே மணிலாவுல பிழைச்சோம்.

இதையெல்லாம் சொன்னதும் நம்ம மக்கள் கண்ல நட்சத்திரம் மின்னுது. சரி, அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்தப்போ நாங்க பண்ணினதைக் கேளுங்க.

திருத்தணியில பஸ் ஏறி, பொதட்டூர்பேட்டை வழியா பள்ளிப்பட்டு. தெருவுல நடந்தா தறிச் சத்தம் கூடவே வருது. அங்கேர்ந்து கொசஸ்தலை ஆத்துப் பக்கமா பாலசமுத்திரம். மழைக்காலத்துல ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா பள்ளிப்பட்டு தரைப்பாலமெல்லாம் முழுகும். தண்ணிக்கு படாஸ்கர் கோடு தெரியாது பாருங்க. நண்பன் வீட்டுல அவங்க அம்மா அவனை "ரா நாயனா"ன்னும் என்னை "வாப்பா"ன்னும் ஒரே மூச்சுல கூப்பிட்டாங்க. அந்த வீட்டுல ரேஷன் கார்டு ஒரு மாநிலம், மருமகள் ஒரு மாநிலம். அடுத்த நாள் கார்வேட்டிநகரம், பழைய ஜமீன் ஊர், வேணுகோபால சுவாமி கோயில் குளத்துப் படியில ஒரு மணி நேரம். அப்புறம் புத்தூர். நம்மூர்ல எலும்பு உடைஞ்சா எங்க பாத்தாலும் "புத்தூர் கட்டு"ன்னு போர்டு தொங்குதே, அந்தப் புத்தூர்! திருப்பதிக்கு இருபது தடவை போனவங்களைக் கேட்டுப் பாருங்க, புத்தூர் இங்கதான் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு. சென்னையில ஏறி திருப்பதியில கண்ணைத் திறக்கற வேன்ல புத்தூர் எப்படித் தெரியும்?

பஸ்ஸுல பாத்தது இன்னொண்ணு. எல்லை எங்க வருதுன்னு நீங்க பலகையைப் பாக்க வேண்டாம், பேச்சைக் கேட்டாப் போதும். பள்ளிப்பட்டுல ஏறின பூக்காரம்மா கண்டக்டர்கிட்ட தெலுங்குல பேசி, அடுத்த சீட்டுல தமிழ்ல வம்பளந்து, போன்ல ரெண்டையும் கலந்து மகளைத் திட்டறாங்க. 1960ல கோடு போட்டவங்க இந்தம்மாவைக் கேக்கவே இல்ல.

இதுல எது சாகசம் குறைச்சல்? மலை இருக்கு, ஆறு இருக்கு, மொழி மாறுது, சாப்பாடு மாறுது. அப்புறம் ஏன் அது "செம மச்சி", இது "கார் கிடைக்கலையா"?

எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். பிலிப்பைன்ஸ்ல நம்ம அந்தஸ்தை யாரும் எடை போடறதில்ல. அங்க நாம வெளிநாட்டுக்காரன். முதுகுல பை, கழுத்துல கேமரா. பஸ்ல போனாலும் கால்நடையா போனாலும் மரியாதை குறையாது. பாலசமுத்திரம் பஸ்ஸுல ஏறினா "சிங்கப்பூர்ல வேலைன்னாங்க, பஸ்ல வந்து இறங்கறான்"னு நாலு பேர் பேசுவாங்களேங்கற பயம். மணிலாவுலயும் கார் வெச்சிருக்கறவன் ஜீப்னி ஏற மூக்கைச் சுளிக்கிறான், அதையும் பாத்தோம். அங்க அவன் கௌரவம், இங்க நம்ம கௌரவம். வியாதி ஒண்ணுதான்.

நம்மூர்ல இந்தக் கௌரவத்துக்கு வேர் இன்னும் ஆழம். பஸ்ஸுங்கறது யார் பக்கத்துல யார் உக்காரலாம்ங்கற கேள்வி. தனியார் பஸ்ல தாழ்த்தப்பட்டவங்களை ஏத்த மாட்டேன்னு சொன்ன காலம் இருந்துச்சு. 1920களோட கடைசியில ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏத்தாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. ரொம்பப் பழைய கதைன்னு தள்ளாதீங்க. 1997ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு போக்குவரத்துக் கழகம் வந்ததும், அந்தப் பேர் போட்ட பஸ்ஸுல ஏற மாட்டோம்னு தெக்கே கலவரமே நடந்துச்சு. கடைசியில எல்லாக் கழகத்துலேர்ந்தும் தலைவர்கள் பேரையே எடுத்தாங்க. இன்னிக்கு யாரும் "அவன் பக்கத்துல உக்கார மாட்டேன்"னு வாயைத் திறந்து சொல்றதில்ல. இன்னோவா புக் பண்ணிடறாங்க.

சிங்கப்பூர்ல இதே கனவான்கள் தினமும் பஸ்ஸும் ரயிலும்தான். கார் வெச்சுக்கற உரிமைச் சீட்டுக்கே 2023ல லட்சம் வெள்ளி தாண்டின ஊராச்சே! சட்டையில வேர்வை வர, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, "இந்த ஊர் பப்ளிக் டிரான்ஸ்போர்ட் மாதிரி நம்மூர்ல வருமா?"ன்னு பெருமூச்சு. வராது சாமி. நீங்க ஏறாத வரைக்கும் வராது.

இது வெறும் ஊர் சுத்தற சமாச்சாரமா இருந்தா இவ்வளவு கத்த மாட்டேன். குரல் உள்ளவன் பஸ்ஸை விட்டு இறங்கிட்டா, பஸ்ஸுக்குக் குரல் போயிடுது. எல்லையோர ஊர்ல இது ரெண்டு மடங்கு. மாநிலம் விட்டு மாநிலம் பஸ் விடணும்னா, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, எந்த ரூட்ல எத்தனை வண்டின்னு எழுதிக்கணும். சென்னை-திருப்பதிக்குக் கேக்க ஆள் உண்டு. பள்ளிப்பட்டு-பாலசமுத்திரத்துக்கு யார் கேப்பா?

2020ல பாத்தோமே. மார்ச்ல கொரோனாவுக்கு நின்ன தமிழ்நாடு-ஆந்திரா பஸ், நவம்பர் கடைசியிலதான் திரும்ப ஓடுச்சு. நடுவுல ஏப்ரல்ல வேலூர் மாவட்ட நிர்வாகம் குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவுலயும் பொன்னைப் பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டிடுச்சு! கயிறு இல்ல, தடுப்புக் கம்பி இல்ல, ஹாலோ பிளாக் சுவர். எதிர்ப்பு வந்ததும் ஓரிரு நாள்ல இடிச்சாங்க. அந்த ரோட்டுல தினமும் பால் கேனோட, பிரசவத்துக்கு, கூலிக்குப் போறவங்க நம்ம பார்வையில ஆளா இருந்திருந்தா, கல் எடுத்து வெக்கக் கை வந்திருக்குமா?

இப்ப இலவசப் பயணத்தைப் பாருங்க. தமிழ்நாட்டுல 2021லேர்ந்து சாதாரண நகரப் பேருந்துல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. ஆந்திராவுல 2025 ஆகஸ்ட் 15லேர்ந்து ஸ்திரீ சக்தி, பல்லெவெலுகு முதல் எக்ஸ்பிரஸ் வரைக்கும். ரெண்டும் அருமையான திட்டம், மனசாரப் பாராட்டறேன். ஆனா ஆந்திராவோட சலுகை அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். மாநிலம் தாண்டற பஸ்ஸுக்கும் கிடையாது. பாலசமுத்திரத்துப் பொம்பளை மாவட்டத்தோட அந்தக் கோடி வரைக்கும் சும்மா போகலாம். பக்கத்துல இருக்கற பள்ளிப்பட்டுச் சந்தைக்குக் காசு குடுக்கணும். ரெண்டு அரசும் ஒரு மேசையில உக்காந்தா ஒரு மதியத்துல தீர்ற விஷயம்.

எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். "வயசான அப்பா அம்மாவை பஸ்ல இழுத்தடிக்கச் சொல்றியா?" இல்லைங்க, அவங்களுக்குக் காரே சரி. அவங்களைச் சாக்கா வெச்சு முப்பது வயசுத் தடியன் ஏன் ஒளியறான்? "லீவே பதினஞ்சு நாள்தான்." அதுல நாலு நாள் மாலுக்குப் போகுதே. "பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு?" நம்ம டவுன் பஸ்ல ஏறி எண்ணிப் பாருங்க, பாதிக்கு மேல பெண்கள்தான். "கழிப்பறை?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். பிலிப்பைன்ஸ்ல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், சில பெசோ குடுத்தா சுத்தமான கழிப்பறை. இதை நம்மூர்ல கேட்டு வாங்கணும். இன்னோவாவுல போறவன் கேக்க மாட்டான், அவனுக்குத்தான் நெடுஞ்சாலை ஓட்டல் இருக்கே.

அதனால, அடுத்த தடவை திருப்பதி போறவங்க ஒரு வழியாவது பஸ்ல போங்க. திருத்தணியில இறங்கி, பள்ளிப்பட்டு, பாலசமுத்திரம், கார்வேட்டிநகரம், புத்தூர்னு மாறிப் போங்க. பஸ் லேட்டா வந்தா, வராமலே போனா, கழிப்பறை நாறினா, ரெண்டு மாநிலத்துப் போக்குவரத்து அமைச்சருக்கும் எழுதுங்க. உங்க இங்கிலீஷும் உங்க ஈமெயிலும் அந்தப் பூக்காரம்மாகிட்ட இல்ல. பிலிப்பைன்ஸ் பஸ்ஸைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதற கையால, பாலசமுத்திரம் பஸ்ஸுக்காக நாலு வரி எழுதினா விரல் தேஞ்சிடாது.

டிஸ்கி: "ரெண்டுல எது பெஸ்ட்?"னு கேக்கப் போறவங்களுக்கு: கப்பல்ல ஏறற பஸ் மணிலா பக்கம்தான் கிடைக்கும், போய் ஏறுங்க. போர்வை மறந்துடாதீங்க :-)